ஞாயிற்றுக்கிழமை நடுவர்

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்தவர் என்றே எரிக் லிடலை நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். 1981இல் வெளிவந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' திரைப்படம் அவரை உலகறியச் செய்தது. கப்பலேறும் வேளையில்தான் அவருக்கு விவரம் தெரிந்ததாக அப்படம் காட்டும். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே அதை அறிந்து, தமக்கு நன்கு கைவந்த 100 மீட்டரை விட்டுவிட்டு, 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார்.

ஸ்காட்லாந்து மறைபணியாளர் தம்பதியருக்கு 1902இல் சீனாவின் தியென்ஜின் நகரில் பிறந்தவர் அவர். நம் கத்தோலிக்கத் திருஅவையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் ஆண்டவரின் நாளை அவர் மதித்த விதம் நம்மைச் சற்று வெட்கப்பட வைக்கிறது. ஜூலை 11 அன்று 400 மீட்டரை 47.6 வினாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். ஓட்டம் தொடங்குமுன் உடன் ஓடுவோர் ஒவ்வொருவருடனும் கைகுலுக்குவது அவர் வழக்கம். அவர்கள் இல்லையேல் தம் ஓட்டத்திற்கே பொருளில்லை என்று உணர்ந்திருந்தார் போலும்.

புகழின் உச்சியில், 1925இல், ஆசிரியராகவும் மறைபணியாளராகவும் சீனாவுக்குத் திரும்பினார். 1941இல் போர் அபாயம் கருதி, கருவுற்றிருந்த மனைவியையும் இரு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். மூன்றாவது மகளைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1943இல் ஜப்பானியர் அவரை வெய்ஷியென் தடுப்பு முகாமில் அடைத்தனர். அங்கே பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் பலர் இருந்தனர். அவர்களுக்கு அறிவியல் கற்பித்தார், உடைந்த ஹாக்கி மட்டைகளைச் சரிசெய்து தந்தார், போட்டிகள் நடத்தினார். ஆனால் ஞாயிறன்று மட்டும் விளையாட்டு இல்லை. இளையோர் சிலர் ஒரு ஞாயிறன்று தாங்களாகவே ஹாக்கி ஆடினர். நடுவர் இல்லாததால் ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு மைதானத்தில் நடுவராக வந்து நின்றவர் லிடல்!

கொள்கையில் தளர்ந்துவிட்டாரா? நாம் அப்படி எண்ணவில்லை. ஓய்வுநாளில் கை சூம்பியவரை நலமாக்கிய இயேசுவே நம் நினைவுக்கு வருகிறார். தங்கப் பதக்கத்திற்காக விட்டுக்கொடுக்காததை, அப்பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளாமல் ஆடவேண்டும் என்பதற்காக விட்டுக்கொடுத்தார். எதிரணியைப் பகைவராகப் பார்க்கத் தொடங்கினால் அது விளையாட்டே இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1945ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், தேய்ந்து ஒட்டுப்போட்ட தம் ஓட்டக் காலணிகளை, கிழிந்த காலணியோடு திரிந்த ஓர் இளைஞனுக்குக் கொடுத்தார். சில வாரங்களில், பிப்ரவரி 21 அன்று, மூளைக் கட்டியால் இறந்தார். வயது 43. அவரது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அந்த இளைஞனும் ஒருவன். போர் முடிந்து சில ஆண்டுகளில் அவன் மறைபணியாளனாக ஜப்பானுக்குச் சென்றான்.