வால்ட்டர் ரோசன்ஹைன்

வால்ட்டர் ரோசன்ஹைன் (ஆகஸ்டு 24, 1875 – மார்ச் 17, 1934) ஜெர்மனியில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, இங்கிலாந்தில் பணியாற்றிய உலோகவியலாளர் ஆவார். உலோகம் உடையாமல் வளைவதற்கும் நீள்வதற்கும் அதன் படிகங்களுக்குள் நிகழும் நழுவலே காரணம் என்பதை ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூவிங்குடன் இணைந்து நுண்ணோக்கி மூலம் காட்டினார். படிகங்களின் எல்லைகளைப் பற்றி இவர் முன்வைத்த கோட்பாடு பிற்காலத்தில் கைவிடப்பட்டது.

வாழ்க்கை

ரோசன்ஹைன் பெர்லினில் பிறந்தார். 1880 இல் இவரது குடும்பம் ஆஸ்திரேலியாவில் குடியேறியது. மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் பயின்று 1897 இல் பட்டம் பெற்றார். பின்னர் உதவித்தொகை பெற்று கேம்பிரிட்ஜ் சென்று யூவிங்கிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். இவரது மனைவி லூயிஸ், பொறியாளரும் படைத்தலைவருமான ஜான் மொனாஷின் தங்கை ஆவார்.

1900 முதல் 1906 வரை பர்மிங்காம் அருகேயுள்ள சான்ஸ் பிரதர்ஸ் கண்ணாடித் தொழிற்சாலையிலும், 1906 முதல் 1931 வரை டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உலோகவியல் துறைத் தலைவராகவும் பணியாற்றினார். 1913 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

நழுவல் கோடுகள்

உலோகத் துண்டு ஒன்றைப் பளபளப்பாகத் தேய்த்து, பின் இழுத்து நீட்டினால், அதன் பரப்பில் மெல்லிய கருங்கோடுகள் தோன்றும். பார்வைக்கு இவை விரிசல்கள் போன்றவை. யூவிங்கும் ரோசன்ஹைனும் சாய்வாக ஒளியைப் பாய்ச்சிப் பார்த்து, இவை விரிசல்கள் அல்ல, நுண்ணிய படிகள் என்று 1899 இல் நிறுவினர். சீட்டுக்கட்டில் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவது போல, படிகத்தின் அடுக்குகள் குறிப்பிட்ட தளங்களில் நழுவுகின்றன. நழுவிய பின்னும் அது படிகமாகவே இருக்கிறது. எக்ஸ்-கதிர்கள் கொண்டு படிகங்களை ஆராயும் முறை 1912 இல்தான் வந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இக்கண்டுபிடிப்பின் அருமை விளங்கும்.

மணி எல்லைகள்

இரும்பு, செம்பு போன்ற உலோகத் துண்டுகள் பொதுவாக மணிகள் எனப்படும் எண்ணற்ற சிறு படிகங்களால் ஆனவை. குளிர்ந்த நிலையில் உலோகம் பெரும்பாலும் மணிகளின் ஊடாகவே முறிகிறது. உருகுநிலையை நெருங்கும்போதோ மணிகளின் எல்லை வழியே பிரிகிறது. இம்மாற்றத்தை விளக்க, மணிகளுக்கு இடையே படிக ஒழுங்கற்ற, உறைந்த திரவம் போன்ற மெல்லிய படலம் பசைபோல அமைந்துள்ளது என்று ரோசன்ஹைன் கருதினார். கண்ணாடியைப் போலவே அது குளிரில் விறைப்பாகவும் சூட்டில் இளகியும் இருக்கும். ஆறாண்டுகள் கண்ணாடித் தொழிலில் இருந்தவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதில் வியப்பில்லை.

இக்கோட்பாடு நீண்ட விவாதத்தைக் கிளப்பியது. ரோசன்ஹைன் அதற்காக விடாது வாதாடினார். ஆனால் எல்லையின் பண்புகள் அடுத்தடுத்த மணிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு திரும்பியிருக்கின்றன என்பதைப் பொறுத்து மாறுகின்றன. ஒழுங்கற்ற பசை எங்கும் ஒரே தன்மையுடன் இருக்க வேண்டும் என்பதால் இதனை அக்கோட்பாட்டால் விளக்க இயலவில்லை. எல்லை என்பது சில அணுக்கள் அளவே தடிப்புள்ள இடைநிலை ஒழுங்கு என்பது பின்னர் தெளிவாயிற்று.

பிற பணிகள்

முதல் உலகப்போர்க் காலத்தில் இவரது துறை உருவாக்கிய 'ஒய்' கலப்புலோகம், அலுமினியத்துடன் சுமார் 4% செம்பு, 2% நிக்கல், 1.5% மக்னீசியம் சேர்ந்தது. சூட்டிலும் வலிமை குன்றாததால் எந்திர உந்துதண்டுகளுக்குப் பயன்பட்டது.

மறைவுக்குப் பின்

ரோசன்ஹைன் மறைந்த அதே 1934 இல், டெய்லர், ஒரோவான், போலானி ஆகிய மூவரும் தனித்தனியே, நழுவல் ஏன் இவ்வளவு எளிதாக நிகழ்கிறது என்பதைப் படிக வரிசையில் உள்ள பிறழ்வுகளைக் கொண்டு விளக்கினர். அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நழுவுவதில்லை. பிறழ்வு படிப்படியாக நகர்கிறது. சிறு கோண மணி எல்லைகளும் இத்தகைய பிறழ்வுகளின் வரிசையே என்ற கருத்தின் அடிப்படையில், 1950 இல் ரீடும் ஷாக்லியும் எல்லையின் ஆற்றலைக் கணக்கிட்டனர். மணிகள் சிறியனவாக உள்ள உலோகம் வலிமை மிக்கது என்னும் தொடர்பை 1951 இல் ஹாலும் 1953 இல் பெட்ச்சும் சமன்பாடாக வெளியிட்டனர்.