ஹுவான் தெ லா ஸியெர்வா

ஆகாய விமானத்தில் ஏறுவோர் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுவது இயல்பு. நடுவானில் யந்திரம் நின்றுவிடின் யாது கதி என்பதே அது. அவ்வச்சத்தைப் போக்கும் வழியைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஸ்பெயின் தேசத்து எஞ்சினீயர் ஹுவான் தெ லா ஸியெர்வா என்பார். அவரது சரிதம் நாம் அறியத்தக்கது.

இவர் 1895-ம் வருடம் செப்டம்பர் மாதம் 21-ந் தேதி முர்ஸியா நகரில் பிறந்தார். இவர் தந்தையார் மந்திரி பதவி வகித்தவர். மைந்தர்க்கோ இளமையிலேயே பறக்கும் யந்திரங்களில் மனம் பற்றியது. 1912-ம் வருடம் இரு நண்பர்களுடன் கூடி, உடைந்த விமானமொன்றின் பாகங்களைக் கொண்டு புதியதொன்றை அமைத்துப் பறக்கச் செய்தார். அப்பொழுது அவர்க்கு வயது 16. பின்னர் மாட்ரிட் நகரில் எஞ்சினீயர் கல்வி பயின்று தேறினார்.

1919-ல் அவர் சமைத்த பெரிய விமானமொன்று, நிலத்திற்கு அணித்தே திரும்புகையில் வேகங்குன்றி வீழ்ந்து நொறுங்கியது. சாதாரண விமானம் விரைந்து முன்செல்லும் வரையே அதன் இறக்கைகள் அதனைத் தாங்கும். ஊர்தி மெல்லச் செல்லினும் இறக்கைகள் மட்டும் விரைந்து சுழலுமாயின் இவ்வபாயம் நேராதன்றோ என்று ஸியெர்வா சிந்தித்தார். அச்சிந்தனையிற் பிறந்ததே ஆட்டோஜைரோ. அதன் முகப்பிலுள்ள விசிறியை யந்திரம் சுழற்றும். தலைமேலுள்ள நீண்ட சிறகுகளையோ எதிர்வரும் காற்றே சுழற்றும்.

முதலிற் செய்த ஊர்திகள் ஒருபுறமாய்ச் சாய்ந்து வீழ்ந்தன. காற்றை எதிர்த்து முன்வரும் சிறகு மிகுதியாகவும், பின்செல்லும் சிறகு குறைவாகவும் தூக்கியமையே காரணம். வளையும் சிறகுகளுடைய சிறு மாதிரியோ சாயாது பறந்தது. அதன் நுட்பத்தை உணர்ந்த ஸியெர்வா, ஒவ்வொரு சிறகின் அடியிலும் ஒரு கீல் பொருத்தி, அது மேலும் கீழும் அசையுமாறு செய்தார். 1923-ம் வருடம் ஜனவரி மாதம் மாட்ரிட் நகரையடுத்த கெட்டாஃபே மைதானத்தில் அவ்வூர்தி நன்கு பறந்தது. சில தினங்களில், அது மேலெழும்போதே யந்திரம் நின்றுபோயிற்று. எனினும் ஊர்தி மெல்ல இறங்கித் தரையடைந்தது, ஓட்டியவர்க்குத் தீங்கொன்றுமில்லை.

1926-ல் இங்கிலாந்தில் இவர் பெயரால் ஒரு கம்பெனி ஏற்பட்டது. மறுவருடம் பிப்ரவரி மாதம் ஹாம்பிள் என்னுமிடத்தில் பெருஞ்சோதனை நேர்ந்தது. ஃபிராங்க் கோர்ட்னி என்பவர் செலுத்திய ஆட்டோஜைரோவின் சிறகு பறக்கும்பொழுதே முறிந்தது. ஊர்தி வீழ்ந்தது, கோர்ட்னி காயமுற்று உயிர் பிழைத்தார். யந்திரம் நிற்பினும் சுழலும் சிறகு காக்கும். சிறகே முறியின் காப்பது யாது? சுழலுங்கால் சிறகு முன்னும் பின்னும் இழுபட, அதன் அடிப்பாகம் ஓயாது வளைந்து நைந்தமை புலனாயிற்று. ஆதலின் அத்திசையிலும் அசையத்தக்க இரண்டாவது கீலை ஸியெர்வா அமைத்தார். தாமும் விமானமோட்டப் பயின்று, 1928-ம் வருடம் செப்டம்பர் மாதம் 18-ந் தேதி, ஒருவரை உடனேற்றிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பாரிஸ் சென்றார்.

1936-ம் வருடம் டிசம்பர் மாதம் 9-ந் தேதி, லண்டனையடுத்த கிராய்டனில், அடர்ந்த மூடுபனியிடையே ஒரு பிரயாணி விமானம் புறப்பட்டது. போதிய உயரம் எழாது வீடொன்றில் மோதி அது எரிந்தது. அதில் மாண்டோருள் ஸியெர்வாவும் ஒருவர். அப்பொழுது அவர்க்கு வயது 41. மெல்லப் பறந்தும் வீழாத ஊர்தியைக் கண்டவர், விரைந்தோடியே எழவேண்டிய விமானத்தில் உயிர் துறந்தது இரங்கத்தக்கதே.

அவர் கண்ட கீல்கள் பின்வந்த ஹெலிகாப்டர்களுக்கு அடிப்படையாயின. இன்றும் சிறு ஹெலிகாப்டரின் யந்திரம் வானில் நின்றுவிடின், ஓட்டுநர் உடனே சிறகுகளின் சாய்வைக் குறைப்பார். கீழிருந்து மேல்நோக்கி வரும் காற்று அவற்றைச் சுழற்ற, அவர் உயிரோடு தரையிறங்க வழியுண்டாகிறது. யந்திரக் கலை பயிலும் மாணவர் ஒன்றை நினைவிற் கொள்க. உடைந்த பாகத்தைக் குப்பையிலெறியாது, அஃது ஏன் உடைந்தது என்று ஸியெர்வா ஆராய்ந்தார். முகமறியாப் பலர் அதனால் உயிர் பிழைத்துள்ளனர்.