ஸ்பீடோமீட்டர் முள் பொய் சொல்லுதா? ஜி.டி.நாயுடு வாழ்க்கை சொல்லித்தரும் பாடம்

பட்டாபிராம் வழியாகப் போகும் சி.டி.எச். சாலையில் ஒரு பழைய அம்பாசடர். ஸ்பீடோமீட்டர் முள் 60-ல் நிற்கிறது. மொபைலில் ஜி.பி.எஸ். 66 காட்டுகிறது. மீட்டரையே மாத்திடலாமா? கொஞ்சம் பொறுங்க. எந்த மெஷினையும் முதலில் திறந்து பார்க்கணும்னு வாழ்ந்து காட்டிய ஒருத்தர் நம்ம தமிழ்நாட்டில் இருந்தார்.

யார் இந்த ஜி.டி.நாயுடு?

கோவை அருகே கலங்கல் கிராமத்தில், 1893 மார்ச் 23-ம் தேதி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அதை வாங்கியே தீருவது என்று கோவைக்கு வந்து, ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். வண்டி கைக்கு வந்ததும் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, மறுபடியும் பூட்டினார். அதுதான் அவருடைய இன்ஜினீயரிங் படிப்பு.

1920-ல் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சி - பழனி இடையே தானே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ்தான் பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார்.

கல்லூரியோடு என்ன பிரச்னை?

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தவர் இவர். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். முதல்வராகவும் இருந்தார். நான்கு வருடப் படிப்பு நேர விரயம், இரண்டு வருடம் போதும் என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை. பதவியை விட்டு விலகினார். வரிக் கொள்கையைக் கண்டித்து, தன் தயாரிப்புகளை மக்கள் முன்னிலையில் உடைத்தவரும் இவரேதான்.

சரி, முள் ஏன் தப்பாகக் காட்டுது?

பழைய கார்களில் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள், மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அந்தச் சுழற்சி, பக்கத்தில் இருக்கும் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். மெல்லிய ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். பிரிப்பதற்கு முன் இதைக் கவனியுங்க:

* முள் ஆடுதா? கேபிள் காய்ந்திருக்கலாம், அல்லது எங்கேயோ மடங்கியிருக்கலாம்.
* முள் அசையவே இல்லையா? கேபிள் அறுந்திருக்கலாம், கியர் பல் தேய்ந்திருக்கலாம்.
* ஓடோமீட்டரும் அதே அளவு தப்பா? உண்மையில் 11 கி.மீ. ஓடியிருக்க, 10 என்று காட்டினால் மீட்டர் மேல் தப்பில்லை. டயர் சைஸை யாரோ மாத்தியிருக்காங்க. விட்டம் 10 சதவீதம் கூடினால், முள் 60 காட்டும்போது வண்டி 66-ல் போகும்.
* கி.மீ. கணக்கு சரி, வேகம் மட்டும் தப்பா? அப்போதான் காந்தம், ஸ்பிரிங் பக்கம் போகணும்.

கேபிளுக்கு கிரீஸ் அள்ளிப் பூசாதீங்க. அது ஏறி மீட்டருக்குள் போனால் புதுத் தொல்லை.

ஏன் இது முக்கியம்?

முள் குறைவாகக் காட்டும் காரில், நிதானமாகப் போகிறோம் என்ற நினைப்பிலேயே வேக வரம்பைத் தாண்டிவிடுவோம். டயரில் இருக்கும் தப்புக்கு மீட்டரை மாத்தினால், காசு போகும். தப்பு அப்படியே இருக்கும்.

நாயுடு 1974 ஜனவரி 4-ம் தேதி காலமானார். கோவை அவினாசி சாலையில் அவர் குடும்பத்தினர் அமைத்த ஜிடி கார் மியூசியத்தில் பழைய கார்களை இன்றும் பார்க்கலாம். அந்தப் பக்கம் போனால், ஒவ்வொரு டேஷ்போர்டிலும் அந்த முள்ளைத் தேடிப் பாருங்க.