கல்லில் காலம் கண்டவர்

காலம் இடையறாது ஓடும் ஆறு. அதற்குக் கரை வகுத்து, முற்காலம், இடைக்காலம், பிற்காலம் எனப் பெயரிடுவோர் வரலாற்றாசிரியர்களே. ஐரோப்பாவின் 14, 15ஆம் நூற்றாண்டுகளை நலிவின் காலம் என்பாரும் உளர். மறுமலர்ச்சியின் விடியல் என்பாரும் உளர். தமிழக வரலாற்றில் இத்தகைய எல்லைகளைக் கல்வெட்டுகளின் துணைகொண்டு ஆராய்ந்தவர்களுள் ஒருவர் தி.வை. சதாசிவ பண்டாரத்தார்.

இவர் குடந்தைக்கு அருகிலுள்ள திருப்புறம்பயத்தில் 1892ஆம் ஆண்டு பிறந்தார். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியர் தோல்வியுற்று, சோழர் எழுச்சிக்கு வழி பிறந்த போர்க்களம் அவ்வூரே. குடந்தைப் பாணாதுறை உயர்நிலைப்பள்ளியில் நெடுங்காலம் தமிழாசிரியராகப் பணிபுரிந்த இவர், இலக்கியத்தையும் கல்வெட்டையும் ஒப்பிட்டு ஆராய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார்.

1942இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இவரைத் தமிழாராய்ச்சிப் பணிக்கு ஏற்றது. அங்கு உருவானதே ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’. விசயாலயன் வழிவந்தோரைச் சங்ககாலச் சோழரினின்று பிரித்துக்காட்டிய இந்நூலின் முதற்பகுதி 1070இல் முடிகிறது. தாய்வழியில் சோழரும் தந்தைவழியில் கீழைச் சாளுக்கியருமான முதற் குலோத்துங்கன் அரியணை ஏறிய ஆண்டு அது. இரண்டாம் பகுதி அவனில் தொடங்கி, 1279இல் மூன்றாம் இராசேந்திரனோடு நிறைவுறுகிறது.

மெய்க்கீர்த்திகள் மன்னரின் வெற்றிகளையே பாடும். கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டோ வேறொன்று கூறுகிறது. மூன்றாம் இராசராசனைக் காடவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததையும், போசள மன்னன் நரசிம்மனின் படைத்தலைவர்கள் அவனை மீட்டதையும் அது உரைக்கிறது. பேரரசின் தளர்ச்சிக்கு இக்கல்லே சான்று.

ஆயினும், அரசின் வீழ்ச்சி மக்கள் வாழ்வின் வீழ்ச்சியாகிவிடாது. சோழரைச் சிறைவைத்த அதே கோப்பெருஞ்சிங்கன் தில்லைக் கோயிலில் கோபுரத் திருப்பணி செய்தான். சைவ சித்தாந்த சாத்திரங்களுள் பல 13, 14ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தன. அவற்றுள் எட்டினை இயற்றிய உமாபதி சிவம் தில்லையில் வாழ்ந்தவர். 13, 14, 15ஆம் நூற்றாண்டுகளின் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பண்டாரத்தார் தனிநூலாகவே எழுதினார். முடியரசர் மறைந்த பின்னும் புலவர் மரபு தொடர்ந்ததை அந்நூல் காட்டுகிறது.

1960 சனவரியில் பண்டாரத்தார் மறைந்தார். ஒரு காலத்திற்குப் பெயர் சூட்டுமுன், அக்காலத்தின் சான்றுகளை முழுமையாகக் கேட்க வேண்டும் என்பதே அவர்தம் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம்.