மாணவருலகின் தலைமகன் ஜான் மோட்

1886ஆம் ஆண்டு, சனவரித் திங்கள் 14ஆம் நாள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கயுகா ஏரியை நோக்கிய குன்றின்மேல் அமைந்த கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு நடந்துகொண்டிருந்தது. பேசியவர் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த கைனஸ்டன் ஸ்டட். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர். இருபது வயது மாணவர் ஒருவர் காலந்தாழ்ந்து வந்து இருக்கையில் அமரப் போனார். அந்நேரம் மேடையிலிருந்து விவிலியத்தின் சிறு வாசகங்கள் சில அவர் காதில் விழுந்தன. தன் நலத்துக்காகப் பெரும்பதவிகளை நாடுவதைக் கடிந்து, இறைவனின் ஆட்சியை முதலில் நாடச் சொல்லும் வாசகங்கள் அவை. சட்டம் பயின்று அரசியலில் இறங்குவதா, தந்தையாரின் மரவணிகத்தை ஏற்பதா என்று எண்ணிக்கொண்டிருந்த அம்மாணவர் மறுநாளே ஸ்டட்டைத் தேடிச் சென்று பேசினார். அவர் வாழ்வு வேறு திசையில் திரும்பியது.

அம்மாணவர்தாம் ஜான் ஆர். மோட். 1946ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர் என்று பொது அறிவு நூல்களில் ஒரே வரியில் அவரை முடித்துவிடுவார்கள். நானும் அந்த ஒரு வரியோடு நின்றவன்தான். அந்தப் பரிசுக்குப் பின்னே ஒரு கல்லூரி மாணவர் சங்கம் இருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அதனை நம் மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

1865ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் மேனர் என்னும் சிற்றூரில் மோட் பிறந்தார். அவர் கைக்குழந்தையாயிருந்தபோதே குடும்பம் அயோவா மாநிலத்துப் போஸ்ட்வில் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் மரவணிகர்; அவ்வூரின் முதல் மேயராகவும் பொறுப்பேற்றவர். நான்கு மக்களுள் மோட் ஒருவரே ஆண். பதினாறாம் வயதில் அருகிலிருந்த மேல் அயோவாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, வரலாறும் இலக்கியமும் கற்று, சொற்போர்களில் பரிசுகள் பெற்றார். 1885இல் கார்னெலுக்கு மாறினார். கார்னெல் பல்கலைக்கழகமும் 1865இல் நிறுவப்பட்டதே. மாணவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே வயது! எந்தத் திருச்சபைப் பிரிவையும் சாராமல் நடந்ததால், கடவுளற்ற கல்விக்கூடம் என்று அதனைப் பழித்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில்தான் உலகப் புகழ் பெற்ற ஒரு சமயத் தொண்டர் உருவானார்.

அங்கே கிறித்தவ இளைஞர் சங்கத்தின் கிளை ஒன்று இருந்தது. ஒய்.எம்.சி.ஏ. என்று நாம் அழைக்கும் அச்சங்கம் 1844இல் இலண்டன் மாநகரின் கடை ஊழியர்களிடையே தோன்றியது. அமெரிக்காவில் அது 1858 முதல் கல்லூரிகளுக்குள்ளும் புகுந்தது. பிரின்ஸ்டன் மாணவரான லூதர் விஷார்டு போன்றோரின் முயற்சியால், 1877இல் அக்கல்லூரிக் கிளைகள் யாவும் ஓரமைப்பின் கீழ் இணைந்தன. இதில் புதுமை என்னவென்றால், நடத்தியவர்கள் போதகர்கள் அல்லர், பேராசிரியர்களும் அல்லர், மாணவர்களே. தலைவரும் மாணவர், பொருளாளரும் மாணவர், வேதபாட வகுப்பை நடத்துபவரும் மாணவர். மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், பாப்டிஸ்டு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வெவ்வேறு கோயில்களுக்குச் சென்றவர்கள், திங்கட்கிழமை ஒரே அறையில் கூடினார்கள்.

வழிபாட்டோடு அவர்கள் நின்றுவிடவில்லை. புதிதாக வரும் மாணவர்களுக்கு வழிகாட்டும் சிறு கையேடுகளை அச்சிட்டு வழங்குவதும், தங்க இடம் தேடிக் கொடுப்பதும், ஏழை மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை பார்த்துத் தருவதும் அக்காலக் கல்லூரிச் சங்கங்களின் பணிகளாயிருந்தன. இதைப் படித்தபோது என் மனம் சற்று நின்றது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதன்முதல் மிதித்தவன் நான். சேர்க்கை நாளன்று எந்த வரிசையில் நிற்பது, எந்தச் சான்றிதழுக்கு எத்தனை படி எடுப்பது என்று சொல்ல ஆளின்றித் தவித்தேன். அன்று ஓர் அண்ணன் என் கோப்பை வாங்கிப் பார்த்து, தாள்களை அடுக்கிக் கொடுத்தார். கார்னெலில் நடந்ததை அந்த உதவியை வைத்துத்தான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

மோட் அச்சங்கத்தின் தலைவரானார். உறுப்பினர் தொகை மும்மடங்காயிற்று. சங்கத்துக்கெனத் தனிக்கட்டடம் வேண்டுமென்று பணம் திரட்டும் வேலையையும் மாணவப் பருவத்திலேயே மேற்கொண்டார். ஆல்பிரட் பார்ன்ஸ் என்னும் நூல் வெளியீட்டாளரின் பெருங்கொடையால் எழுந்த அக்கட்டடம் பார்ன்ஸ் மன்றம் எனப் பெயர்பெற்றது. நம் கல்லூரிகளில் ஒரு மன்றத்தின் தொடக்க விழா நடத்தவே நாம் திணறுகிறோம்; அவர் பட்டம் பெறுமுன்னரே ஒரு கட்டடத்துக்கு வழி செய்தார். படிப்பையும் கைவிட்டாரில்லை, 1888இல் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார்.

இடையில் 1886ஆம் ஆண்டுக் கோடையில் நிகழ்ந்ததைச் சொல்லாமல் செல்வதற்கில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்து மவுண்ட் ஹெர்மன் பள்ளி வளாகத்தில் மாணவர் மாநாடு ஒன்று கூடியது. 89 கல்லூரிகளிலிருந்து 251 மாணவர்கள் வந்தார்கள். கார்னெலின் சார்பில் மோட் வந்தார். அழைத்தவர் டுவைட் மூடி. பள்ளிப்படிப்பைச் சிறு வயதிலேயே விட்டு, காலணிக் கடையில் விற்பனையாளராயிருந்து, பின் பெரும் நற்செய்திப் பேச்சாளராக உயர்ந்தவர். கல்லாத அம்மனிதரின் காலடியில் கல்லூரி மாணவர்கள் வாரக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள்.

ஆனால் மாநாட்டின் போக்கை மாற்றியவர் மூடி அல்லர்; ராபர்ட் வைல்டர் என்னும் மாணவர். நம் நாட்டுக் கோல்ஹாப்பூரில் அருட்பணியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அயல்நாடுகளில் தொண்டு செய்ய முன்வருவோரை ஒருவர் ஒருவராகச் சேர்க்கத் தொடங்கினார். நிகழ்ச்சிநிரலில் இல்லாத பொருள் இது. மரத்தடியிலும் நடைபாதையிலும் மாணவர்கள் தமக்குள் பேசிப் பேசியே அது பரவியது. மாநாடு முடிவதற்குள் ஒப்பமிட்டவர்கள் சரியாக 100 பேர். மோட்டும் அவர்களுள் ஒருவர். அடுத்த கல்வியாண்டில் வைல்டரும் ஜான் ஃபோர்மன் என்ற தோழரும் ஏறத்தாழ 160 கல்வி நிலையங்களுக்குச் சென்று 2,000க்கு மேற்பட்டோரைச் சேர்த்தார்கள். 1888இல் அது மாணவர் தன்னார்வ இயக்கம் என்று முறையான வடிவம் பெற்றது. அதன் தலைவர் பொறுப்பு இருபத்து மூன்று வயது மோட்டிடம் வந்தது. அவ்வாண்டே கல்லூரிக் கிளைகளின் செயலாளராகவும் பணியில் சேர்ந்தார். ஓராண்டு பார்ப்போம் என்று ஏற்ற வேலை, 27 ஆண்டுகள் நீண்டது.

வைல்டர் நெருப்பு என்றால் மோட் அடுப்பு. நெருப்பு அடுப்பிலிருந்தால்தானே சோறு வேகும்! எழுச்சியூட்டும் கூட்டம் முடிந்து ஊர் திரும்பியதும் எல்லாம் ஆறிப்போவதை அவர் அறிந்திருந்தார். ஆகவே கல்லூரி கல்லூரியாகச் செல்லும் பயணச் செயலாளர்கள், பாடத்திட்டத்துடன் கூடிய படிப்பு வட்டங்கள், நான்காண்டுக்கொரு முறை பெருமாநாடு, நாள்தோறும் விடியற்காலையில் தனித்திருந்து தியானிக்கும் பழக்கம் என்று ஒவ்வொன்றாக அமைத்தார். காலப்போக்கில் இவ்வியக்கத்தின் வழியே அயல்நாடு சென்றவர்கள் 20,000க்கும் மேற்பட்டோர்.

1891இல் ஆங்கில ஆசிரியையான லைலா வைட் அம்மையாரை மணந்தார். அவர் பயணங்கள் பலவற்றில் அம்மையார் துணை சென்றார்.

1895ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், சுவீடன் நாட்டு வாட்ஸ்டெனாக் கோட்டையில் சில நாட்டு மாணவத் தலைவர்கள் கூடினார்கள். ஒரு மேசையைச் சுற்றி அமரக்கூடிய சிறு கூட்டந்தான். உலக மாணவர் கிறித்தவக் கூட்டமைப்பு அங்கே பிறந்தது. அமெரிக்கச் சங்கத்தின் அச்சையே எல்லா நாடுகளிலும் பதித்துவிடலாம் என்ற எண்ணம் முன்னர் இருந்தது. ஆங்கிலேய மாணவரும் சுவீடன் மாணவரும் அதை விரும்பவில்லை. மோட் அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு நாட்டு மாணவரும் தத்தம் இயக்கத்தைத் தாமே அமைக்கட்டும். கூட்டமைப்பு அவற்றை இணைக்கும் கயிறாக மட்டும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மோட் செய்தவற்றுள் இதையே சிறந்ததென்று நான் கருதுகிறேன். உடனே ஈராண்டு உலகப் பயணம் புறப்பட்டு இந்தியா, சீனா, யப்பான், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் மாணவர் அமைப்புகள் உருவாகத் துணைநின்றார். கடற்பயணம் அவர் உடலுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆயினும் அட்லாண்டிக் பெருங்கடலை மட்டும் நூறு முறைக்கு மேல் கடந்தவர் அவர்! மகளிர் கல்லூரிகளுக்கெனக் கூட்டமைப்பின் சார்பில் ரூத் ரவுஸ் என்னும் ஆங்கில அம்மையார் நாடு நாடாகச் சென்று பணியாற்றினார்.

1907இல் கூட்டமைப்பின் மாநாடு டோக்கியோவில் கூடியபோது, நம் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அதில் கலந்துகொண்டார். மூன்றாண்டு கழித்து, 1910இல் எடின்பரோவில் நடந்த உலக அருட்பணி மாநாட்டுக்கு மோட் தலைமை வகித்தார். ஏறத்தாழ 1,200 பேராளர்கள். ஆசியத் திருச்சபையினர் இருபது பேர்கூட இல்லை. அந்தச் சிலருள் அசரியாவும் ஒருவர். வெள்ளையர் அருட்பணியாளர்கள் இந்தியரிடம் பரிவு காட்டுகிறார்களே தவிர நட்புக் காட்டுவதில்லை என்று அவர் அவையில் வெளிப்படையாகப் பேசினார். அவையில் முகஞ்சுளித்தவர்கள் பலர். அவரைப் பேச அழைத்தவர் மோட். இந்தத் தலைமுறைக்குள்ளாகவே உலகம் முழுவதற்கும் நற்செய்தியை அறிவித்துவிடுவது என்னும் இயக்கத்தின் முழக்கத்தில், அன்றைய பேரரசுகளின் மிடுக்கு கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அந்த மிடுக்கைத் தட்டிக்கேட்க ஒரு தமிழருக்கு மேடை தந்தவரும் அந்த முழக்கத்தையே பெயராகக் கொண்டு 1900இல் நூல் எழுதிய மோட்தாம்.

1914இல் போர் வந்தது. கூட்டமைப்பின் மேடைகளில் அருகருகே அமர்ந்திருந்த செருமானிய மாணவனும் ஆங்கிலேய மாணவனும் பதுங்குகுழிகளில் எதிரெதிரே நின்றார்கள். மோட் இருதரப்பு நாடுகளுக்கும் சென்றார். போர்க்கைதிகளுக்கான பணிக்கு வழிசெய்தார். ஆனால் 1917இல் அமெரிக்க அரசு இரசியாவுக்கு அனுப்பிய தூதுக்குழுவில் அவர் இடம்பெற்றது செருமானிய நண்பர்களைப் புண்படுத்தியது. எல்லார்க்கும் பொதுவானவர் ஓர் அரசின் தூதுவராகலாமா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது. சீனத்துக்குத் தூதுவராகும்படி 1913இல் குடியரசுத் தலைவர் வில்சன் அழைத்தபோது மறுத்தவர், இதையும் மறுத்திருக்கலாம்.

போர் முடிந்தபின், 1919ஆம் ஆண்டின் கடைசி நாளில் தன்னார்வ இயக்கத்தின் பெருமாநாடு டி மாயின் நகரில் தொடங்கியது. மோட் வளர்ந்த அயோவா மாநிலத்தின் தலைநகர் அது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். தலைவர்கள் பழைய முறையிலேயே நிகழ்ச்சிகளை வகுத்திருந்தார்கள். மாணவர்களோ போரைப் பற்றியும், தொழிலாளர் துயரைப் பற்றியும், நிறவேற்றுமையைப் பற்றியும் பேச வேண்டுமென்று எழுந்தார்கள். மேடையிலிருந்து வரும் பேச்சை வாய்பொத்திக் கேட்க அவர்கள் ஆயத்தமாயில்லை. மவுண்ட் ஹெர்மனில் நிகழ்ச்சிநிரலை மீறிய மாணவர்களுள் ஒருவர், இப்போது ஐம்பத்து நான்கு வயதில், மீறப்படும் நிரலின் பக்கம் அமர்ந்திருந்தார். 1920இல் அவ்வியக்கத்தின் தலைமையிலிருந்து விலகினார். கூட்டமைப்பின் பொதுச்செயலாளர் பதவியையும் விட்டு, அதன் தலைவர் என்ற அளவில் 1928 வரை இருந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒருவரே ஒரு மாணவர் இயக்கத்தை நடத்தியது நெடுங்காலந்தான். அதே 1920இல், வியன்னாவில் பட்டினி கிடந்த மாணவர்களை நேரில் கண்டுவந்த ரூத் ரவுஸ் அம்மையாரின் முயற்சியால், ஐரோப்பிய மாணவர் துயர்நீக்கப் பணியைக் கூட்டமைப்பு தொடங்கியது. போரில் பகைவராயிருந்த நாடுகளின் மாணவர்கள், ஒருவர்க்கொருவர் உணவுக்கும் துணிக்கும் பணம் திரட்டினார்கள்.

1938ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மோட் தாம்பரத்துக்கு வந்தார். அனைத்துலக அருட்பணிக் கழகத்தின் மாநாட்டைச் சீனத்தில் நடத்தத்தான் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். சீன–யப்பானியப் போரால் அது சென்னைக்கு மாறியது. முந்தைய ஆண்டுதான் தாம்பரத்தின் புதிய வளாகத்துக்குக் குடிபெயர்ந்திருந்த கிறித்தவக் கல்லூரியின் மாணவர் விடுதிகளில், ஏறக்குறைய எழுபது நாடுகளிலிருந்து வந்த நானூற்று எழுபது பேர் தங்கினார்கள். எடின்பரோவில் இருபதுக்கும் குறைவாயிருந்த ஆசிய, ஆப்பிரிக்கத் திருச்சபையினரும் பிறரும் இங்கே பாதியளவினர். போரிட்டுக்கொண்டிருந்த சீனரும் யப்பானியரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர். பேராயராகிவிட்ட அசரியாவும் இருந்தார். எழுபத்து மூன்று வயது மோட் தலைமை வகித்தார்.

1946இல் எமிலி பால்ச் அம்மையாருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மோட், 1955 சனவரி 31ஆம் நாள் புளோரிடா மாநிலத்து ஓர்லாண்டோவில் தம் எண்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். வாசிங்டன் தேசியப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மாணவராயிருந்தபோது அவர் பணம் திரட்டிய பார்ன்ஸ் மன்றம் கார்னெலில் இன்றும் நிற்கிறது. அதன் அரங்கில் இப்போது மாணவர்கள் இசைக் கச்சேரிகள் நடத்துகிறார்கள்.