தேய்வின் கணக்கைக் கண்ட மேதை

உலகில் குறையாத பொருள் எது? ஏற்றி வைத்த மெழுகுவர்த்தி கரைகிறது. கொதித்த நீர் ஆறுகிறது. ஆனால் எல்லாத் தேய்வும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மெழுகுவர்த்தி ஒவ்வொரு மணிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குறையும். நீரோ முதலில் விரைந்தும், பின்னர் மெல்ல மெல்லவும் ஆறும். கண்ணுக்குத் தெரியாத அணுக்களின் தேய்விலும் இத்தகைய ஒழுங்கு உண்டெனக் காட்டியவர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு. அம்மேதையின் வாழ்வைச் சற்றுக் காண்போம்.

1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நியூசிலாந்தில், நெல்சன் நகருக்கு அருகே அவர் பிறந்தார். தந்தையார் உழைப்பாளி; அன்னையார் பள்ளி ஆசிரியை. பன்னிரண்டு குழந்தைகள் நிறைந்த அவ்வீட்டில் செல்வம் இல்லை. கல்வியின்மேல் பற்று மட்டும் குறைவின்றி இருந்தது. உதவித்தொகை பெற்றே எர்னஸ்ட் படித்து உயர்ந்தார். 1895இல் இங்கிலாந்து செல்லும் உதவித்தொகை முதலில் வேறொருவருக்கே கிடைத்தது. அவர் வேண்டாமென்று விலகியதால் அது இவரை வந்தடைந்தது. அச்செய்தி வந்தபோது அவர் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக் கொண்டிருந்தார் என்று சொல்வார்கள்.

கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சனிடம் பயின்றபின், 1898இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே அவர் தோரியத்தை ஆராய்ந்தார். தோரியம் நமக்கு அந்நியமன்று. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது கலந்திருக்கிறது. முன்பு சுவாமி ஊர்வலங்களில் தூக்கி வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலிலும் அது இருந்தது.

தோரியத்திலிருந்து வெளிப்படும் ஒரு வாயுவின் கதிரியக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பாதியாவதை 1900ஆம் ஆண்டு அவர் வெளியிட்டார். அடுத்த நிமிடத்தில் மீதி முழுவதும் போய்விடவில்லை. எஞ்சியதில் பாதியே போயிற்று. அரை, கால், அரைக்கால் என்று அது குறைந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கில் நாம் கற்கும் பெருக்குத் தொடர்வரிசை இதுவே! மெழுகுவர்த்தியின் தேய்வு கூட்டுத் தொடர்வரிசையைச் சேர்ந்தது. பத்து நிமிடங்களில் அவ்வாயு 1024இல் ஒரு பங்காகிவிடும். எந்த அணு எப்போது சிதையும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆயினும் கோடிக்கணக்கான அணுக்கள் ஒன்றுசேர்ந்தால் கணக்குப் பிசகுவதில்லை. பாதியாவதற்கு ஆகும் காலத்தை அரை ஆயுட்காலம் என்கிறோம்.

மெக்கிலில் அவரிடம் ஆராய்ச்சி பயின்ற முதல் மாணவியர் வரிசையில் நிற்பவர் ஹேரியட் புரூக்ஸ். அந்த வாயு தோரியத்தினின்று வேறான பொருள் என்று அறிய அவரது உழைப்பு பெரிதும் உதவியது. மேரி கியூரிக்கு அடுத்த நிலையில் வைத்து ரூதர்ஃபோர்டு அவரை மதித்தார். ஆனால் 1906இல் அவர் பணியாற்றிய நியூயார்க் மகளிர் கல்லூரியில், மணம் புரிந்தால் வேலையை விடவேண்டும் என்றனர். அது முறையன்று என வாதாடி, அவர் விலகினார். பாரிஸில் கியூரி அம்மையாரின் ஆய்வுக்கூடத்திலும் சிறிது காலம் பணிபுரிந்தார். 1907இல் திருமணமானபின் அவரது ஆராய்ச்சி நின்றுபோயிற்று. அணுவின் தேய்வு இயற்கையின் விதி. ஆனால் இத்திறமை வீணானது மனிதர் வகுத்த விதியால் அன்றோ!

ரூதர்ஃபோர்டு 1908இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 1911இல் அணுவின் நடுவே கரு இருப்பதை நிறுவினார். 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவிற்கு அவரே தலைமை தாங்க இருந்தார். அதற்குள் 1937 அக்டோபர் 19இல் இறைவனடி சேர்ந்தார். அவர் எழுதி வைத்த உரை மட்டும் அங்கே வாசிக்கப்பட்டது. அவரது அஸ்தி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், நியூட்டனின் கல்லறைக்கு அருகே வைக்கப்பட்டுள்ளது.

அவர் கண்ட கணக்கு இன்றும் பயன் தருகிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்படும் கோபால்ட்-60 சுமார் 5 ஆண்டு 3 மாதங்களில் பாதியாகும். அதை அறிந்தே மருத்துவர்கள் சிகிச்சை நேரத்தைக் கணக்கிடுகின்றனர். பாறையின் வயதைக் கதிரியக்கத்தால் அறியும் வழியைத் தொடங்கியவரும் ரூதர்ஃபோர்டே. வட தமிழ்நாட்டுப் பாறைகள் பல ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழைமையானவை என்று அவ்வழியில் அறிகிறோம். யுரேனியத்தின் அரை ஆயுட்காலமோ சுமார் 450 கோடி ஆண்டுகள். எனவே அத்தகைய பாறை தோன்றியபோது அதில் இருந்த யுரேனியத்தில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் எஞ்சியிருக்கும்!

அன்புத் தோழியரே! திருவண்ணாமலையில் தீபம் ஏறும் மலையை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அதன் கல்லிலும் கணக்கு இருக்கிறது. அதைப் படிக்க ஏழ்மை தடையன்று என்பதற்கு ரூதர்ஃபோர்டு சான்று. ஹேரியட்டுக்கு அடைக்கப்பட்ட கதவு நமக்குத் திறந்திருக்கிறது. அதன் வழியே துணிந்து செல்வோம். கற்பதைப் பாதியில் விடாதிருப்போம்!