வியாழனை நோக்கிய கலீலியோ

இத்தாலி நாட்டுப் பைசா நகரில் 1564ஆம் ஆண்டு கலீலியோ பிறந்தார். இசைவாணரான தந்தை, மகனை மருத்துவம் பயிலச் செய்தார். மகனது உள்ளமோ கணிதத்தையே நாடிற்று. மருத்துவப் படிப்பை இடையில் விடுத்த அவர், 1592இல் பதுவாப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார்.

தொலைவிலுள்ள பொருளை அண்மையிற் காட்டும் குழலொன்று ஆலந்து நாட்டில் செய்யப்பட்டதென்னும் செய்தி 1609இல் அவர் செவிக்கு எட்டியது. உடனே கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து, ஏறத்தாழ 20 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கியைத் தாமே அமைத்தார்.

1610 சனவரி 7ஆம் நாள் இரவு அதனை வியாழன்பால் திருப்பினார். கோளின் அருகே மூன்று சிறு விண்மீன்கள் ஒரே கோட்டில் நின்றன. கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. மறுநாள் மூன்றும் மேற்கே இருந்தன! ஒன்பதாம் நாள் வானை முகில் மூடிற்று. அவ்விரவு அவருக்கு எத்துணை நீண்டதாய்த் தோன்றியிருக்கும்! பத்தாம் நாள் இரண்டே தென்பட்டன. அவையும் கிழக்கே நின்றன. பதின்மூன்றாம் நாள் நான்காவதும் புலப்பட்டது. அவை விண்மீன்கள் அல்ல, வியாழனைச் சுற்றிவரும் துணைக்கோள்கள் என அவர் தெளிந்தார். வானிலுள்ள யாவும் பூமியையே சுற்றுகின்றன என்று அறிஞரும் நம்பியிருந்த காலம் அது. பூமியைச் சுற்றாமல் வேறொரு கோளைச் சுற்றுவன நான்கு உள என்று அவ்வாண்டு மார்ச்சு மாதமே நூலெழுதி வெளியிட்டார்.

அந்நான்கனுள் அயோ, யூரோப்பா என்னும் இரண்டிலிருந்தும் எக்ஸ்-கதிர்கள் வெளிப்படுவதை, 1999இல் விண்ணிற் செலுத்தப்பட்ட சந்திரா தொலைநோக்கி பிற்காலத்தில் கண்டறிந்தது. வியாழனின் காந்தப்புலத்தில் விரையும் மின்துகள்கள் அவற்றின் மேற்பரப்பைத் தாக்குவதால் அக்கதிர்கள் எழுகின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அறிஞர் சந்திரசேகரின் பெயரையே அத்தொலைநோக்கி தாங்கியுள்ளது.

துணைக்கோள்கள் வியாழனின் நிழலிற் புகுந்து மறையும் நேரத்தை முன்கூட்டிக் கணித்துவிட்டால், அதனையே உலகனைத்திற்கும் பொதுவான கடிகாரமாகக் கொள்ளலாம். கடலோடிகள் கிழக்கு மேற்காகத் தாம் எவ்வளவு தொலைவு வந்துள்ளனர் என்பதை அதனால் அறியலாம். கலீலியோவை நெடுங்காலம் ஆட்கொண்டிருந்த எண்ணம் இது. ஆடும் கப்பலில் தொலைநோக்கியை அசையாது பிடிப்பதுதான் அரிதாயிருந்தது.

இதற்கிடையே, பூமி சூரியனைச் சுற்றுகிறதென்னும் கொள்கைக்காக 1633இல் ரோமில் சமய மன்றம் அவரை விசாரித்தது. முழந்தாளிட்டு அக்கொள்கையைத் துறப்பதாக முதியவர் கூற நேர்ந்தது. பிறகு ஆர்செத்ரியிலுள்ள தம் வீட்டிலேயே காவலில் வைக்கப்பட்டார். அங்கிருந்தும் ஆலந்து அரசுக்குத் தம் கடிகாரத் திட்டத்தை எழுதினார். ஆனால், 1638க்குள் இரு கண்களும் ஒளியிழந்தன. பல்லாண்டுகளாகத் தொகுத்த குறிப்புகளை ரெனியேரி என்னும் துறவியிடம் ஒப்படைத்தார். 1642 சனவரி 8ஆம் நாள், 77ஆம் அகவையில், கலீலியோ உயிர்நீத்தார். துணைக்கோள்களின் அட்டவணை அப்போதும் முற்றுப்பெறவில்லை.